வேறோர் இடத்தில் ஒரு படி

எழுதிவைக்கும் வழக்கம் தோன்றிய நாள்தொட்டு, எழுதியதை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமும் மனிதனைத் தொடர்ந்து வருகிறது. தீ, வெள்ளம், செல்லரிப்பு, போர் ஆகிய நான்கும் ஏடுகளுக்குப் பெரும்பகை. இப்பகைகளை வெல்ல மனிதன் கண்ட வழி படி எடுத்தல். ஆயின், படி எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? அதனை எங்கே வைப்பது? யார் காப்பது? அது நன்னிலையில் இருக்கிறதா என்று எவ்வாறு அறிவது? இவ்வினாக்களுக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்ட நாடு ஒன்று உண்டு. அதே நாடு 2025ஆம் ஆண்டில் அவ்விடையை ஓரிடத்தில் கைவிட்டுப் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. அந்நாடு கொரியா.

1392ஆம் ஆண்டில் கொரியாவில் சோசோன் அரசமரபு ஆட்சிக்கு வந்தது. ஓர் அரசர் மறைந்தபின், அவர் காலத்து நிகழ்ச்சிகளை எல்லாம் தொகுத்து ஏடாக்குவது அவ்வரசின் வழக்கம். அவ்வேடுகளுக்குச் 'சில்லோக்' என்று பெயர். 25 அரசர்களின் காலம், அதாவது 1392 முதல் 1863 வரை 472 ஆண்டுகள், அவற்றில் பதிவாகியுள்ளன. நடப்பது எதுவாயினும் அஞ்சாது எழுதவேண்டும் என்பதற்காக, அரசரே ஆயினும் அவ்வேடுகளைப் பார்க்கலாகாது என்று விதி வகுத்திருந்தனர்.

தொடக்கத்தில் இவ்வேடுகள் தலைநகராகிய சியோலிலும் சுங்ஜு என்னும் ஊரிலும் மட்டுமே இருந்தன. இரண்டு இடம் போதாது என்று சேஜோங் மன்னரின் காலத்தில் கருதப்பட்டது. 1439இல் சியோங்ஜு, ஜியோன்ஜு ஆகிய ஊர்களிலும் ஏட்டகங்கள் அமைக்க முடிவாயிற்று. 1445இல் நான்கு இடங்களிலும் நான்கு படிகள் வைக்கப்பட்டன. இந்த ஏற்பாடு வீண்போகவில்லை. 1538இல் சியோங்ஜு ஏட்டகம் தீக்கிரையாயிற்று. ஆனால் அதனால் ஒரு செய்தியும் அழியவில்லை. பிற ஊர்களில் இருந்த படிகளைப் பார்த்து மீண்டும் எழுதி, அவ்விடத்தை நிரப்பிவிட்டனர்.

அடுத்து வந்த சோதனை மிகக் கொடியது. 1592இல் சப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படைகள் கொரியாவில் இறங்கின. சியோல், சுங்ஜு, சியோங்ஜு ஆகிய மூன்று ஏட்டகங்களும் எரிந்து சாம்பலாயின. 200 ஆண்டு வரலாறு ஜியோன்ஜுவில் இருந்த ஒரே படியை நம்பி நின்றது. அப்பொழுது ஆன் உயி, சொன் ஹோங்-ரோக் என்னும் இருவர் முன்வந்தனர். அவர்கள் பெரும்பதவியில் இருந்தவர் அல்லர், அருகிலிருந்த ஊரில் வாழ்ந்த கற்றோர், இளமையைக் கடந்தவர்கள். ஏட்டுப் பேழைகளை ஆட்களைக் கொண்டு சுமக்கச்செய்து நேஜாங் மலைக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்த மலைத் துறவியர் உறைவிடங்களில் அவற்றை ஒளித்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மாறி மாறிக் காவல் இருந்தனர். இன்ன நாளில் இன்னார் காவல் என்பதையும் குறித்துவைத்தனர். இன்று கொரியாவின் பழைய வரலாறு நமக்குக் கிடைத்திருப்பது அவ்விருவர் விழிப்பினால் ஆகும்.

போர் 1598இல் ஓய்ந்தது. நாடு பாழ்பட்டுக் கிடந்தது, கருவூலம் வறண்டிருந்தது. ஆயினும் 1603இல் ஏடுகளை அச்சிடும் பணியைத் தொடங்கி, 1606இல் முடித்தனர். புதிய படிகள் மூன்று, பிழைதிருத்தப் பயன்பட்ட அச்சுப்படி ஒன்று, தப்பிப் பிழைத்த பழைய படி ஒன்று என ஐந்து ஆயின. ஊர்களில் வைத்தமையால்தான் மூன்று அழிந்தன என்று உணர்ந்தவர்கள், இம்முறை சியோலில் ஒன்றை மட்டும் வைத்து, ஏனைய நான்கையும் மானி, தேபெக், ஓதே, மியோஹியாங் ஆகிய மலைகளுக்கு அனுப்பினர். அவர்கள் அஞ்சியது சரியே. 1624இல் எழுந்த கிளர்ச்சியில் சியோல் படி அழிந்தது. ஓதே மலைப் படி 1913இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் பெரும்பகுதி எரிந்தது. மலைகளில் இருந்த பிற படிகள் நிலைத்தமையால், வரலாறு அழியவில்லை. 1997இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வேடுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

படிகளை வைத்துப் பூட்டியதோடு அவர்கள் பணி முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைநகரிலிருந்து வரலாற்று அலுவலர் ஒருவர் மலைக்குச் செல்வார். பேழைகளைத் திறந்து, ஏடுகளை வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, பூச்சி அணுகாதிருக்க வசம்பு முதலிய மருந்துப் பொடிகளை இட்டு, கண்டதைக் குறிப்பெழுதி மீளப் பூட்டுவார். மற்றொரு நுட்பமும் உண்டு. சோன்ஜோ மன்னரின் காலத்து ஏடு ஒருசார்பாக அமைந்தது என்று கருதிய பிற்காலத்தார், 1657இல் திருத்திய ஏடு ஒன்றை முடித்தனர். ஆனால் பழைய ஏட்டை அவர்கள் அழிக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்தனர். எது சரி என்பதைப் பின்வருவோர் ஆராய்ந்துகொள்ள இடம் விட்டனர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று அலுவலகங்களில் ஏட்டுப் பேழையின் இடத்தில் வலையமைப்புச் சேமிப்பகம் நிற்கிறது. பலர் தத்தம் கணினியிலிருந்து கம்பிவழியாகவோ இணையவழியாகவோ எட்டி, கோப்புகளை இட்டும் எடுத்தும் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியம் அது. தென்கொரிய அரசு அலுவலர்களுக்கென ஜி-டிரைவ் என்னும் பெயரில் அத்தகைய களஞ்சியம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவருக்கும் 30 ஜிகாபைட் இடம் அளிக்கப்பட்டது. 74 அரசு அமைப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,25,000 பேர் அதனைப் பயன்படுத்தினர்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் மாலை, தேஜியோன் நகரிலுள்ள தேசியத் தகவல் வள நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரசின் கணினிச் சேவைகள் பல நூறு நின்றுபோயின. முதலில் 647 என்றும், பின்னர் 709 என்றும் அரசு கணக்கிட்டது. அவற்றுள் 96 நேரடியாகத் தீக்கு இரையாயின. வேறிடத்தில் படி இருந்தவை சிறிது சிறிதாக மீண்டன. ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் செய்திகளுக்கோ வெளியிடத்தில் படி இல்லை. முறைப்படி ஒப்புதல் பெற்ற ஆவணங்கள் வேறோர் அமைப்பிலும் இருந்தமையால் கிடைத்தன. அலுவலர்கள் பல்லாண்டு சேர்த்த குறிப்புகளும் வரைவுகளும் அழிந்தன. அளவு மிகப் பெரிதாகலின் வெளிப்படி எடுக்க இயலவில்லை என்று காரணம் கூறப்பட்டது. போரால் நொந்த நாடு மூன்றே ஆண்டில் 200 ஆண்டு வரலாற்றுக்குப் புதிய படிகளை அச்சிட்டதை நினைப்பவர் இக்காரணத்தை எளிதில் ஏற்கமாட்டார். பொருள் பெரிதாயின், அதனை இழத்தலும் பெரிதன்றோ?

இவ்வரலாறு மாணவர்களுக்கும் பயன்படுவதாகும். கல்லூரி ஆய்வகத்திலோ வீட்டிலோ வலையமைப்புச் சேமிப்பகம் ஒன்று இருக்கலாம். அதனுள் இரண்டு வட்டுகள் ஒன்றையொன்று அப்படியே பின்பற்றி எழுதுமாறு அமைத்திருப்பர். ஒரு வட்டு பழுதானால் மற்றது பணிசெய்யும். அவ்வளவில் அது நன்றே. ஆனால் அதனைக் காப்புப் படி என்று எண்ணுதல் தவறு. ஒரே பேழையில் வைத்த இரண்டு ஏடுகள் ஒரே தீயில் எரியும். கைதவறி ஒரு கோப்பை அழித்தால், அந்நொடியே இரு வட்டுகளிலும் அது அழியும். கணினியைக் கெடுக்கும் தீநிரல் ஒன்று புகுந்து கோப்புகளைச் சிதைத்தால், சிதைந்த வடிவமே இரண்டிலும் நிற்கும்.

ஆகவே, சில்லோக் காத்தவர் செய்ததையே நாமும் செய்யவேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், அவற்றுள் ஒரு படியேனும் வேற்றிடம் என்பது இக்காலத்தார் கைக்கொள்ளும் எளிய விதி. சேமிப்பகத்தில் உள்ளதை நாள்தோறும் தானே படியெடுக்குமாறு அமைத்துவிடலாம். நேற்றைய நிலை, சென்ற கிழமை நிலை, சென்ற திங்கள் நிலை எனப் பழைய வடிவங்களையும் விட்டுவைக்கவேண்டும். வெளிவட்டு ஒன்றில் படி எடுத்து, மின்தொடர்பும் வலைத்தொடர்பும் நீக்கி, உறவினர் வீட்டிலோ வேறு கட்டடத்திலோ வைத்தல் நலம். எல்லாவற்றையும் படியெடுக்கப் பொருள்வசதி இல்லையெனில், மீண்டும் உண்டாக்க இயலாதவற்றை முதலில் தெரிந்தெடுக்கலாம். திரைப்படத்தை மறுபடி பெறலாம். தாத்தாவின் குரலைப் பதிந்த ஒலிக்கோப்பைப் பெற இயலாது.

இவை அனைத்தினும் பெரிது ஒன்று உண்டு. ஆண்டுக்கு இருமுறையேனும் அந்தப் படியிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கவேண்டும். ஏட்டை உலர்த்த மலையேறிய அலுவலர் செய்த வேலை அதுவே. திறந்து பாராத படி, இருக்கிறது என்று நாம் நம்பும் படியே அன்றி, இருக்கும் படி ஆகாது. அவ்வேலையை இன்னார் செய்யவேண்டும் என்று பெயர் குறித்து ஒப்படைத்தலும் வேண்டும். எல்லார்க்கும் பொதுவான பணி ஒருவர்க்கும் உரியதாகாமல் போவது உலக இயல்பு. நேஜாங் மலையில் காவல் முறையை நாள்தோறும் குறித்துவைத்தவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர்.