அங்குலத்துக்கு எத்தனை புள்ளி?

1984 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட மெகின்டோஷின் திரை வெறும் 9 அங்குலம். குறுக்கே 512 பிக்சல், நெடுக்கே 342. ஆனால் அந்தச் சின்னத் திரையில் ஒரு கணக்கு கச்சிதமாக அமைந்திருந்தது. அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சுத் தொழிலிலும் ஓர் அங்குலம் ஏறக்குறைய 72 பாயின்ட். ஆகவே 12 பாயின்ட் எழுத்துக்குத் திரையில் 12 பிக்சல். தாளில் அடித்து எடுத்துத் திரையோடு ஒட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவில் இருக்கும். கூடவே விற்ற இமேஜ்ரைட்டர் பிரின்டரும் அங்குலத்துக்கு 144 புள்ளி, சரியாக இரு மடங்கு, அடித்தது.

மைக்ரோசாஃப்ட் வேறு கணக்குப் போட்டது. கையில் வைத்துப் படிக்கும் தாளைவிட மேசைமேல் இருக்கும் திரை கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரத்தில் இருக்கிறது, அதனால் எழுத்தும் அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். 72 இப்படித்தான் 96 ஆனது. எந்த மானிட்டரை மாட்டினாலும் 96 பிக்சலை ஓர் அங்குலம் என்றே விண்டோஸ் எடுத்துக்கொண்டது. 12 பாயின்ட் எழுத்துக்கு 16 பிக்சல் கிடைத்தது.

அந்தக் கூடுதல் 4 பிக்சல் ரோமன் எழுத்துக்கு வசதி என்றால், தமிழுக்கு உயிர்நாடி. மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் பிரிப்பது ஒரே ஒரு வளைவு. கோட்டுக்கு ஒரு பிக்சல், உள்ளே வெளிச்சத்துக்கு ஒரு பிக்சல், மறுபடி கோட்டுக்கு ஒன்று என்று ஒவ்வொரு சுழியும் இடம் கேட்கும். இடம் போதாவிட்டால் சுழிகள் அடைபட்டுக் கரும்பொட்டாகிவிடும். விண்டோஸ் 2000-த்தோடு வந்த லதா எழுத்துருவைச் சின்ன அளவில் வைத்துப் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்.

96 என்ற எண்ணில் தவறில்லை. கணினி முழுவதற்கும் ஒரே எண் என்று வைத்ததும், அது என்றைக்கும் மாறாது என்று நம்பி மென்பொருள் எழுதியதும்தான் வினையாயின. பொத்தான் என்றால் 75 பிக்சல் அகலம், 23 பிக்சல் உயரம் என்று பிக்சல் கணக்கிலேயே எழுதிவைத்தார்கள். எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் பொத்தானுக்குள் அடங்காமல் பாதிச் சொல் வெட்டுப்பட்டது.

வசதி இல்லாமல் இல்லை. விண்டோஸ் 95-இல் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என இரண்டு தேர்வுகள்: ஒன்று 96, மற்றது 120. விண்டோஸ் 98-இலும் எக்ஸ்பியிலும் ‘கஸ்டம்’ அமைப்புக்குப் போனால் திரையில் ஓர் அளவுகோல் தோன்றும். மவுஸால் இழுத்தால் நீளும், சுருங்கும். நிஜமான ஸ்கேல் ஒன்றைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, இரண்டின் அங்குலமும் பொருந்தும்வரை இழுத்துவிடலாம். அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர்களை மாட்ட வழிசெய்ததும் அதே விண்டோஸ் 98தான். மானிட்டர் இரண்டானாலும் எண் ஒன்றாகவே இருந்தது.

பழைய டியூப் மானிட்டர்களிடையே பிக்சல் நெருக்கம் பெரிதாக வேறுபடாததால் வண்டி ஓடியது. எல்சிடி வந்ததும் நிலைமை மாறியது. 2001-இல் ஐபிஎம் வெளியிட்ட டி220 மானிட்டரில் 22 அங்குலத்துக்குள் 3840×2400 பிக்சல், அங்குலத்துக்கு 204. எக்ஸ்ரே படம் பார்ப்பவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் அது வரப்பிரசாதம். அதே திரையில் 16 பிக்சல் எழுத்தோ 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுருங்கியது.

லேப்டாப்போடு தனி மானிட்டரை இணைத்து வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு தினசரி அனுபவம். 14 அங்குல ஃபுல் ஹெச்டி லேப்டாப்பில் அங்குலத்துக்கு 157 பிக்சல்; அதே 1920×1080-ஐக் கொண்ட 24 அங்குல மானிட்டரில் 92. ஒரே 16 பிக்சல் எழுத்து இங்கே 2.6 மில்லிமீட்டர், அங்கே 4.4. லேப்டாப்பில் 150 சதவீதம், மானிட்டரில் 100 என்று வைத்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகும். அப்படித் தனித்தனியாக வைக்கும் வசதி வர வெகுகாலம் ஆனது.

2007-இல் விண்டோஸ் விஸ்டா ஒரு சமரசம் செய்தது. பெரிய அளவுக்குத் தயாராக இல்லாத மென்பொருளை 96-இலேயே வரையவிட்டு, அந்தப் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கியது. பொத்தான் உடையவில்லை, எழுத்து மங்கியது. இன்றும் பலர் எரிச்சலோடு பார்க்கும் அந்த மங்கலின் பிறப்பு இங்கேதான்.

ஆப்பிள் துணிந்து இரட்டிப்பாக்கியது. 2010-இல் ஐபோன் 4, 2012-இல் 2880×1800 பிக்சல் கொண்ட மேக்புக் ப்ரோ. ஒரு பாயின்ட் என்பது இனி நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு பிக்சல். முழு எண்ணால் பெருக்குவதால் பின்னம் வராது, கோடு கலங்காது. முப்பது ஆண்டு முடிச்சுக்கு இதுவரை கிடைத்த தீர்வுகளில் இதுவே மிகத் தெளிவானது.

விண்டோஸில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி அளவு என்பது 2013-இல், 8.1 பதிப்பில்தான் வந்தது. ஒரு ஜன்னலை லேப்டாப்பிலிருந்து பெரிய திரைக்கு இழுத்தால், அதன் பெரும்பகுதி எல்லையைத் தாண்டியதும், ‘உன் அளவு மாறிவிட்டது, புதிதாக வரைந்துகொள்’ என்று விண்டோஸ் அந்த மென்பொருளுக்குச் செய்தி அனுப்பும். செய்தியைக் கேட்கத் தெரிந்தவை சட்டென்று அளவு மாறின; தெரியாதவை மங்கின, அல்லது பூதாகரமாக நின்றன. 2017-இன் கிரியேட்டர்ஸ் அப்டேட் இந்த ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தியது. லினக்ஸ் உலகில் எல்லா மானிட்டர்களையும் ஒரே பெரிய பரப்பாகப் பார்க்கும் எக்ஸ் விண்டோ முறையால் காரியம் இன்னும் தாமதமானது. அதன் இடத்துக்கு வந்த வேலேண்டில் 125, 150 போன்ற பின்ன அளவுகளுக்கான நெறிமுறை 2022-இல்தான் சேர்ந்தது.

பழைய மென்பொருளைக் கைவிட முடியாதவர்களுக்கு 2017-இன் அதே அப்டேட் ஓர் உதவியும் செய்தது. மென்பொருளின் எக்ஸி கோப்பில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போனால் ஹை டிபிஐ அமைப்பு இருக்கும். அங்கே ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ என்பதைத் தேர்ந்தால், படத்தை இழுக்காமல் எழுத்துகளை மட்டுமாவது விண்டோஸ் பெரிய அளவில் புதிதாக வரைந்து தரும். எல்லா மென்பொருளும் இதற்கு இணங்குவதில்லை. இணங்கும் பில்லிங், கணக்கு மென்பொருள்களில் படங்களும் ஐகான்களும் மங்கலாகவே இருந்தாலும் எண்களும் எழுத்துகளும் கூர்மையாகத் தெரிகின்றன.