பன்னிரு முதலியார்களின் சாட்சியம்



ஒரு சமூகத்தை அறிய முற்படுவோர்க்கு இரு வழிகள் உண்டு. எண்ணிப் பார்ப்பது ஒன்று; மக்களிடம் கேட்டுப் பார்ப்பது மற்றொன்று. முன்னையதை அளவுசார் ஆய்வென்றும், பின்னையதைப் பண்புசார் ஆய்வென்றும் இன்று பல்கலைக்கழகத்தார் வழங்குவர். பெயர் புதிதாயினும் செயல் பழையது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இவ்விரண்டையும் செய்தனர்.

காணிகளையும் அவற்றை உடையோரையும் நிரல்படுத்தி அவர்கள் எழுதுவித்த தோம்பு, முதல் வகையைச் சேர்ந்தது. இன்ன காணி இன்னாருடையது என்று அது சொல்லும். அக்காணி மகனுக்குச் சேராது மகளுக்குச் சேர்ந்தது ஏன் என்ற வழக்கு எழுந்தாலோ, தோம்பு வாய் திறவாது. ஊர் வழமை தெரிந்தாலன்றித் தீர்ப்புரைக்க இயலாது. எனவே, தேசாதிபதி கோர்ணேலிஸ் யோவான் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழமைகளைத் திரட்டி 1707 ஆம் ஆண்டிலே சமர்ப்பித்தார். அதுவே தேசவழமை.

ஐசாக்ஸ் ஓரிரு மாதம் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியவரல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மக்களிடையே வாழ்ந்தவர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் நம் சொற்களுக்கு ஈடாக ஒல்லாந்தச் சொற்களை மட்டும் இட்டு நிரப்பாமல், அவற்றையே தம் ஏட்டில் இருத்தினார். ஒரு சமூகம் தன் பொருள்களை எவ்வாறு வகுக்கின்றது என்பது அதன் சொற்களிலேதான் இருக்கின்றது. இதனினும் நான் வியப்பது வேறொன்று. தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்ந்ததே பண்டைய வழக்கம் என்று கூறியதோடு அவர் அமையவில்லை. போர்த்துக்கேயர் காலத்திலே அது நெகிழ்ந்து, இருபாற் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் நிலை வந்ததையும் குறித்தார். வழமை என்பது கல்வெட்டன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பின்னர் யான் பீருஸ் என்பவர் அவ்வேட்டைத் தமிழாக்கினார். அது பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. தங்கள் நாட்டு வழமை இதுவே என அவர்கள் ஒப்பினர். எழுதியதை எவரைப் பற்றி எழுதினோமோ அவரிடமே காட்டிச் சரிபார்ப்பது இன்றைய ஆய்வாளரும் போற்றும் முறை.

ஆயினும் அப்பன்னிருவர் யாவர்? ஆடவர், அரசாங்கப் பதவி வகித்தோர், காணியும் செல்வாக்கும் உடையோர். அந்த ஏட்டிலே அடிமைகளைப் பற்றி நெடிய பகுதி ஒன்று உண்டு. அதனைச் சரிபார்க்க அடிமை ஒருவனும் அழைக்கப்படவில்லை. மனைவி கணவனின் விருப்பத்துக்கு அடங்கியவளாதலால், அவனுடைய சம்மதமின்றி எதனையும் நன்கொடையாக ஈயலாகாது என்றும் உண்டு. அது மெய்தானா என எந்தப் பெண்ணிடம் கேட்டனர்?

கேளாமல் விட்டதன் பயன் சிறிதன்று. 1806 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். நெகிழ்ந்து வந்த வழமை அன்றோடு உறைந்தது. அடிமைமுறை 1844 இல் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. பெண்ணைப் பற்றிய கருத்தோ நிலைத்தது. மனைவி தன் வாழ்நாளில் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமும் விதித்தது. வெள்ளவத்தையில் வீடு வாங்கிக் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பங்களையும், உறுதி முடிக்கும் வேளையில், நொத்தாரிசின் மேசைவரை இது பின்தொடர்ந்து வந்தது.

ஆய்விற் புதிதாகப் புகுவோர்க்குப் புறக்கோட்டையே போதிய களம். செட்டியார் தெருவின் நகைக்கடை முதலாளி கூறும் வரலாறு ஒன்று. பின்கட்டிலே பொன்னுருக்கும் பத்தர் கூறுவது வேறொன்று. மூட்டை சுமக்கும் நாட்டாமை இருவரும் அறியாததை அறிவார். மூவரிடமும் கேட்டு, அவரவர் சொற்களிலேயே எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டி வருமாறு எங்கள் மேல்வகுப்பு மாணாக்கருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். முதற் குறிப்பேடுகள் வந்து சேர்ந்துள்ளன. பெரும்பாலானவற்றிலே முதலாளிமாரே பேசுகின்றனர். அவற்றைத் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் தெருவுக்கு அனுப்பியிருக்கிறேன்.