கிணற்றின் சாட்சி

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், முற்றத்துக் கிணற்றையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எண்ணற்றவை. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதுவே அவர்களுக்குக் குடிநீர். அதே மணலில்தான் மலசலகூடக் குழியும் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையேறியபோது, கிணறுகளில் உப்பும் அழுக்கும் ஒருங்கே புகுந்தன. உப்பை நாவே அறிந்து சொன்னது. கிருமியை எந்த நாவு அறியும்?

இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவுக்கு வந்த ஜெர்மானிய விஞ்ஞானி ரொபேர்ட் கொக், 1884 இல் கல்கத்தாவில் வாந்திபேதி கண்ட இடத்துக் குளத்து நீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டார். பகைவன் யாரென்று தெரிந்துவிட்டது. ஆயினும் அவனைக் காட்டும் நுணுக்குக்காட்டி ஆய்வுகூடத்தினுள்ளே இருந்தது. குளத்து நீரைக் குடித்தவனோ வெளியே நின்றான்.

1982 இல் அக்கதவு சற்றே திறந்தது. குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஞ்சாவும் அவருடைய சகாக்களும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். இரும்பு உப்பும் தயோசல்பேற்றும் ஊட்டப்பொருளும் தோய்த்த தாள்துண்டைச் சிறு போத்தலில் இட்டு, நீரை ஊற்றிவைத்தல், அவ்வளவே. மலத்தோடு சேர்ந்துவரும் பற்றீரியங்கள் பல ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும். அது இரும்போடு கூடினால் நீர் கறுக்கும். நம் நாட்டு வெப்பமே அதற்குப் போதும். எழுத்தறியாத மூதாட்டியும் விடியலில் விடையைக் கண்டுகொள்வாள். ஆனால் எந்தக் கிருமி என்று அது சொல்லாது. கறுக்காத நீர் முற்றும் தூயதென்ற உறுதியும் இல்லை.

அக்குறையைத் தீர்க்க முனைவதே நுண்ணுணரி. நொதியை மின்வாயோடு இணைக்கும் வழியை 1962 இல் அமெரிக்கர் லேலண்ட் கிளார்க் காட்டினார். அவ்வழி வந்தோர், குறித்த கிருமியை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியைப் பொன் மின்வாயில் பதிக்கின்றனர். கிருமி ஒட்டியதும் மின்குறி மாறுகிறது. இடர் ஒன்றுண்டு. 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஓர் ஈ.கோலியும் காணப்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நகமளவுக் கருவியோ ஒரு துளியையே பார்க்கிறது. நீரை வடித்துக் கிருமியைத் திரட்டித் தந்தாலன்றி அதன் சாட்சி செல்லாது.

கருவி சிறுத்தால் போதாது. அதன் விலையும் சிறுக்க வேண்டும். அதன்பின்னும் ஒரு கடமை எஞ்சும். கிணறு கெட்டதென்று தாய்க்கு அறிவித்துவிட்டு, மாற்றுநீர் கொடாத சமூகம், அவளுக்கு அச்சத்தை மட்டுமே கொடுக்கிறது.