கொல்லிமலை வேட்டை விலங்குகளும் ஒட்டுண்ணி நோய்களும்: வல்வில் ஓரி பாடலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. அவனது வில்லாற்றலைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் போற்றுகிறார். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, கலைமான், பன்றி ஆகியவற்றையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்பது அப்பாடற் செய்தி. இப்பாடல் வீரம், கொடை ஆகிய நோக்குகளிலேயே பெரிதும் பயிலப்பட்டு வந்துள்ளது. ஆயின் அவ்வைந்து விலங்குகளும் ஒட்டுண்ணிகளின் உறைவிடங்களும் ஆகும். அவற்றைப் பற்றிய அறிவு எங்கு, யாருடைய தேவைக்காக உருவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

யானையும் புலியும்

ஆசிய யானையின் கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழுவை ஆங்கிலேய அறிஞர் காபோல்ட் 1869இல் விவரித்தார். புலியின் நுரையீரல் புழுவான பாராகோனிமஸ் வெஸ்டர்மானி, 1878இல் கெர்பர்ட் என்பவரால் விவரிக்கப்பட்டது. அது கண்டறியப்பட்ட இடம் புலி வாழும் காடன்று. ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலையில் இறந்த வங்கப் புலியின் உடல். ஆம்ஸ்டர்டாம் காட்சிசாலை இயக்குநர் வெஸ்டர்மனின் பெயரையே அப்புழு தாங்கி நிற்கிறது.

1880இல் கிரிஃபித் எவான்ஸ், தேரா இஸ்மாயில் கான் பகுதியில் நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்களின் குருதியில் 'சுர்ரா' நோய்க்குரிய ஓரணு ஒட்டுண்ணியைக் கண்டார். படைக்குதிரைகளைக் காக்கும் தேவையே அவ்வாய்வைத் தூண்டியது. அதே ஒட்டுண்ணி 2000ஆம் ஆண்டில் ஒடிசாவின் நந்தன்கானன் விலங்கியல் பூங்காவில் பத்துக்கும் மேற்பட்ட புலிகளின் உயிரைப் பறித்தது. குதிரையின் நோயாக அறியப்பட்டது காட்டுவிலங்கின் நோயும் ஆகும் என்பதை இந்நிகழ்வு உணர்த்திற்று.

மானும் கால்நடையும்

மானின் இரைப்பையில் தங்கிக் குருதி உறிஞ்சும் ஹீமோங்கஸ் உருளைப்புழு ஆட்டிலும் மாட்டிலும் வாழ்வது. புழுவின் முட்டைகள் சாணத்துடன் வெளியேறி, புல்லில் இளம்புழுக்களாகி, மேயும் அடுத்த விலங்கின் உடலுள் புகுகின்றன. காட்டோர மேய்ச்சல் நிலம் பொதுவாக இருக்கும்வரை மந்தையின் நோயும் மானின் நோயும் தனித்தனியானவை அல்ல. எனினும் காலனிய காலக் கால்நடை மருத்துவம் மந்தையை மட்டுமே கருத்திற்கொண்டது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அனந்த நாராயண ராவ், மாடுகளின் மூக்கு நோய்க்குக் காரணமான சிஸ்டோசோமா நாசாலே புழுவை 1933இல் விவரித்தார். உழவு மாட்டின் நலனுக்கு இது பெருங்கொடை. வேட்டை விலங்குக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

பன்றி, உடும்பு, புழுக்கு

மனித நலத்துடன் நெருங்கிய தொடர்புடையது காட்டுப்பன்றி. அதன் தசையில் உறையும் ட்ரைக்கினெல்லா இளம்புழுக்கள் அரைவேக்காட்டு இறைச்சி வழியே மனிதரைத் தாக்கிக் காய்ச்சலும் தசைவலியும் உண்டாக்குகின்றன. உத்தரகாண்டில் காட்டுப்பன்றி இறைச்சி உண்டோரிடையே இந்நோய் பரவியது இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. உடும்பின் உடலில் ஒட்டிவாழும் உண்ணிகளும் உள்ளன.

இங்கு வன்பரணர் தரும் ஒரு குறிப்பு கருதத்தக்கது. ஓரி பாணர்க்கு அளித்தது மானின் நிணப்புழுக்கு, அதாவது வேகவைத்த ஊன். நன்கு வேகவைத்தல் இறைச்சியிலுள்ள இளம்புழுக்களை அழிக்கும். பழந்தமிழர் புழுக்களை அறிந்தே அவ்வாறு சமைத்தனர் எனக் கொள்வதற்கு இப்பாடல் சான்றாகாது. சுவைக்காகவும் மென்மைக்காகவும் அமைந்த சமையல் முறையே காப்பாகவும் அமைந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

சட்டமும் அறிவு இடைவெளியும்

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. யானையும் புலியும் மறைந்துவிட்ட கொல்லிமலையில் எஞ்சிய உயிர்களைக் காக்க அது இன்றியமையாதது. ஆனால் மறைவில் உண்ணப்படும் இறைச்சி எவ்வகைச் சோதனைக்கும் உட்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் காட்டுப்பன்றி இறைச்சி ட்ரைக்கினெல்லாவுக்காகச் சோதிக்கப்படுகிறது. சந்தையே இல்லாத இடத்தில் அச்சோதனைக்கு வழியில்லை. உண்டவர் நோயுற்றாலும் தண்டனைக்கு அஞ்சி மருத்துவரிடம் உண்மையைக் கூறத் தயங்குவர். நோய் அடையாளம் காணப்படாது போகும் இடர் இங்குதான் உள்ளது.

முடிவுரை

வேட்டை விலங்கின் ஒட்டுண்ணி பற்றிய அறிவு படைக்குதிரை லாயத்திலும், காட்சிசாலைக் கூண்டிலும், உழவன் தொழுவத்திலும் பிறந்தது. வேட்டை நிகழ்ந்த மலையில் பிறக்கவில்லை. விலங்கைக் கொல்லாமலே இவ்விடைவெளியை நிரப்ப இயலும். சாண மாதிரிகளும், இயற்கையாகவோ விபத்திலோ இறந்த விலங்குகளின் உடற்கூறாய்வும் போதிய சான்று தரும். 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இம்மலைக்கு அண்மையிலேயே உள்ளது. வனத்துறையின் இசைவும், மலையாளிப் பழங்குடி முதியோரின் பட்டறிவும் அதனுடன் இணையுமாயின், ஓரியின் அம்பு தொட்ட உயிர்களின் மற்றொரு வரலாறு எழுதப்படும்.