புகாரின் ஐந்து மன்றங்கள்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் 'என் கனவு நகரம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறத்தாழ அனைவரும் ஈப்போவில் உள்ளதைவிடப் பெரிய பேரங்காடியைக் கட்டியிருந்தனர். எனக்கு இளங்கோவடிகளின் புகார் நினைவுக்கு வந்தது.

புகார் வெறுங்கற்பனையன்று. 1960களில் கீழையூர் அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. ஆயினும் சிலப்பதிகாரப் புகாரில் வரலாற்றோடு கனவும் கலந்துள்ளது. மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், இடையே நாளங்காடி என்பது நகரமைப்பு. அதன் பண்பைக் காட்டுவன ஐந்து மன்றங்களே.

வெள்ளிடை மன்றத்தில் பொதிகள் காவலின்றிக் கிடக்கும். திருட எவரும் துணியார். இலஞ்சி மன்றப் பொய்கையில் நீராடினால் கூனும் தொழுநோயும் நீங்கும். நெடுங்கல் நின்ற மன்றத்தை வலம்வந்தால் நஞ்சுண்டவரும் பித்தேறியவரும் நலம்பெறுவர். பூதசதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி கூறுவோரைத் தண்டிக்கும். அரசனோ அறங்கூறு அவையோ முறை தவறினால், பாவை மன்றத்துப் பாவை வாய் பேசாது கண்ணீர் உகுக்கும்.

காவல், மருத்துவம், நீதி: அக்கனவில் மாளிகையைவிட இவையே உயர்ந்து நிற்கின்றன.

நான் பிறந்தது பேராக்கின் ஒரு ரப்பர் தோட்டத்தில். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். பள்ளி இருந்தது, வீடு மட்டும் எங்களுடையதாக இல்லை. 1990களில் தோட்டம் கைமாறியதும் லயத்து வீடுகளைக் காலி செய்தோம். முறையிட எங்களுக்கு எந்த மன்றமும் இருக்கவில்லை.

மறுநாள் மன்றங்களின் கதையைச் சொல்லி, மீண்டும் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதினாள்: "என் நகரத்தில் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பேருந்து வீட்டு வாசலுக்கே வரும்."

உங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.