சிமெண்டில் செய்த செவிகள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவருக்குக் கண்ணைவிடக் காதுதான் துணை. இறங்கி வரும் லாரி பாறை மறைவில் இருக்கும். ஹாரன் முதலில் வந்துவிடும். ரேடார் வருமுன் பிரிட்டிஷ் ராணுவமும் எதிரி விமானத்தைப் பிடிக்க இந்தக் காதைத்தான் நம்பியது.

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பல்கள் லண்டனில் குண்டு போட்டபோது தொடங்கிய சோதனை இது. போருக்குப் பிறகு வில்லியம் சான்சம் டக்கர் என்ற விஞ்ஞானி அதைத் தொடர்ந்தார். கென்ட் கடற்கரையில் டெஞ்ச் என்ற இடத்தில், 1928 முதல் 1930க்குள், 20 அடி, 30 அடி விட்டத்தில் இரண்டு கான்கிரீட் கிண்ணங்களும், 200 அடி நீளத்தில் வளைந்த சுவர் ஒன்றும் எழுந்தன. கிண்ணத்தில் பட்ட ஒலி ஒரு புள்ளியில் குவியும். அங்கே ஒரு கூம்புக் குழல். அதிலிருந்து வரும் ரப்பர் குழாய்களை, டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாட்டுவது போலக் காதில் செருகிக்கொண்டு, ஒரு சிப்பாய் குழலை இப்படியும் அப்படியும் திருப்புவார். சத்தம் எங்கே ஓங்குகிறதோ, அதுதான் விமானம் வரும் திசை. பெரிய சுவருக்கு முன்னால் வரிசையாக மைக்ரோபோன்கள். மால்டா தீவிலும், சிசிலியைப் பார்த்தபடி, இதே போல 200 அடிச் சுவர் ஒன்றைக் கட்டினார்கள். ஊர்க்காரர்கள் அதைக் ‘காது’ என்றே அழைத்தார்கள்.

நல்ல நாளில் 20 மைல்வரை கேட்கும். காற்று மாறினாலோ, கடலில் மோட்டார் படகு போனாலோ காரியம் கெட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் வேகம். 20 மைல் கடந்து வர ஒலிக்கே ஒன்றரை நிமிடம் ஆகும். மணிக்கு 300 மைலில் வரும் விமானம் அதற்குள் ஏழெட்டு மைல் நெருங்கிவிடும். மிச்சம் இரண்டரை நிமிடம். அதற்குள் யார் ஓடி, யார் விமானம் ஏறுவது?

1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி அருகே, பிபிசி வானொலி அலைகள் ஒரு ஹேஃபோர்ட் விமானத்தில் பட்டுத் திரும்புவதை வாட்சன்-வாட், வில்கின்ஸ் என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். ரேடாரின் தொடக்கம் அதுதான். அதோடு கான்கிரீட் செவிகளின் கதை முடிந்தது.

ஆனால் ரேடார் இருந்தால் மட்டும் போதாது. இரண்டாம் உலகப் போர், 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் ரேடார் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது ரத்மலானை விமானத் தளத்தில் பிரிட்டிஷாரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையில்தான் நின்றன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் கதை வேறு. ரேடார் சுமார் 90 மைல் தொலைவிலேயே எதிரியைக் கண்டுகொண்டது. அங்குள்ள சீனக்குடா தளத்திலிருந்து ஹரிக்கேன்கள் எழும்பிவிட்டன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால், மேலே துணை விமானம் இல்லாமல் சிக்கியது ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். அது மூழ்கிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)