செங்கோட்டைக் கணவாய்க் காற்றும் மின்தடையமும்

தென்காசி மாவட்டத்தின் கடையநல்லூர், சுரண்டை வட்டாரங்கள் செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே அமைந்துள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த இடைவெளியில் நெருக்குண்டு, வேகம் கூடி இப்பகுதிக்கு வருகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களே காற்றாலைகளுக்கும் பருவகாலம் ஆகும். எனினும் இக்காற்றின் வேகம் சீரானதன்று. அதன் ஏற்ற இறக்கத்தைத் தாங்கக் காற்றாலைகளில் கையாளப்பட்ட வழிகளுள் ஒன்று மின்தடையம்.

தொடக்கக் காலம்

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. அக்காலக் காற்றாலைகளில் எளிய தூண்டல் மின்னாக்கிகள் இருந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்கட்டமைப்பில் இணைந்த நான்கு முனை மின்னாக்கியின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்திற்கு 1,500 சுற்றுகள். முழுச் சுமையிலும் அது இதைவிட ஏறத்தாழ 1 விழுக்காடே கூடுதலாகச் சுழலும். இந்த வேறுபாடு 'நழுவல்' எனப்படும்.

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகம் நொடிக்கு 10 மீட்டரிலிருந்து 12 மீட்டரானால், ஆற்றல் சுமார் 73 விழுக்காடு கூடும். சுழலி வேகமெடுக்க இயலாததால், அந்த அதிர்ச்சியைக் கியர்பெட்டி தாங்க நேர்ந்தது. மின்னழுத்தமும் ஏறி இறங்கியது.

மின்தடையத்தின் பங்கு

பளுதூக்கிகளிலும் ஆலைகளிலும் ஸ்லிப் ரிங் மோட்டார்களின் ரோட்டார் சுற்றில் மின்தடையம் சேர்த்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது பழைய முறை. 1990களில் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் 'ஆப்டிஸ்லிப்' என்ற பெயரில் இதனைக் காற்றாலைக்குக் கொண்டுவந்தது. ரோட்டாருடனேயே சுழலும் மின்தடையத்திற்கு ஒளிவழியாகக் கட்டளை சென்றது. நழுவல் 10 விழுக்காடு வரை உயர முடிந்தது. இந்தியாவின் சுஸ்லான் நிறுவனமும் 'ஃபிளெக்சி ஸ்லிப்' என்ற பெயரில் இத்தகைய அமைப்பைப் பயன்படுத்தியது.

பலத்த காற்று வீசும்போது ரோட்டார் சுற்றின் மின்தடை கூட்டப்படும். சுழலி சற்று வேகமெடுத்து அதிர்ச்சியை ஏற்கும். மின்கட்டமைப்புக்குச் செல்லும் திறன் பெரிதும் மாறாது. இதற்கு விலையும் உண்டு. 600 கிலோவாட் மின்னாக்கி 10 விழுக்காடு நழுவலில் இயங்கினால், ரோட்டார் சுற்றில் ஏறத்தாழ 60 கிலோவாட் வெப்பமாக வீணாகும். கியர்பெட்டியைக் காக்க, காற்று வீசும் அந்தச் சில நொடிகளுக்கு இவ்விழப்பு ஏற்கப்பட்டது.

பிந்தைய மாற்றம்

அடுத்து வந்த இருவழி ஊட்ட மின்னாக்கிகளில், வீணான அத்திறன் மின்னணு மாற்றிகள் வழியே மின்கட்டமைப்புக்கே திருப்பப்படுகிறது. ஆயினும் மின்கட்டமைப்பில் பழுது நேரும்போது அம்மாற்றிகளைக் காக்க, இவற்றிலும் பாதுகாப்பு மின்தடையங்கள் பொருத்தப்படுகின்றன.